கூழைக்கடாக்களைக் காட்டிய கை

சொட்டு விழுந்ததும் முதலில் எரிச்சல், அப்புறம் தொண்டையில் ஒரு கசப்பு. கண்ணில் விட்டது தொண்டைக்கு எப்படி வந்தது என்று யோசிப்பதற்குள் இமைக்குள் எல்லாம் சிவப்பாகிவிட்டது. “திறக்காதீங்கம்மா, கால் மணிக்கு ஒருதரம் வந்து விடுவேன், மூணு தரம் விட்டா கண்மணி நல்லா விரிஞ்சிடும், அப்புறம் டாக்டர் பார்ப்பார்” என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண்ணின் செருப்புச் சத்தம் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டது. மூன்று சொட்டு, முக்கால் மணி நேரம். மூடிய கண்ணோடு ஒரு மனுஷி முக்கால் மணி நேரம் என்ன செய்வாள். காதால் பார்ப்பாள். மின்விசிறி ஒரு சுற்றில் ஒருமுறை டிக் என்கிறது. எதிர்பெஞ்சில் யாரோ பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள், வேர்க்கடலை வாசனை. இடது பக்கத்தில், என் முழங்கையில் இடிக்கிற மாதிரி, பியூலா அக்காவின் கைப்பை. அது இடிக்கும்போதெல்லாம் முழங்கையை இழுத்துக்கொள்கிறேன். அந்தப் பையில் ஒரு உறை இருக்கிறது. “ஏ வல்லி, இருக்கியா, போயிட்டியா?” என்கிறாள் அக்கா. “இருக்கேன் அக்கா.” “கண்ணத்தானே மூடச் சொன்னா, வாயையும் சேத்து மூடிக்கிட்ட. நம்ம ரெண்டு பேரையும் இப்படிப் பாத்தா ஜெபக் கூட்டம்னு நெனச்சு எவனாவது காணிக்கை போட்டுட்டுப் போவான்.” வேர்க்கடலைக்காரர் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். நாற்பது வருஷமாக இவள் என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள், நாற்பது வருஷமாக நான் ஒன்றைச் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது இல்லை, கணக்காகச் சொன்னால் முப்பத்து நான்கு. அதற்கு முன்னால் எனக்கே தெரியாது.

உறையைப் பற்றி ஆட்டோவில் வரும்போதுதான் சொன்னாள். பேத்தி ஹெப்சி விமானப் படையில் பைலட் வேலைக்கு மனு எழுதியிருக்கிறாள். “இப்ப பொம்பளப் பிள்ளையளையும் எடுக்காவளாம். ‘பாட்டி, நீங்களே தபால்ல போடுங்க, மனசில்லன்னா கிழிச்சிப் போடுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்’னு சொல்லி என் பையில வச்சிட்டு காலேஜுக்குப் போயிட்டா. இன்னைக்குப் போட்டாத்தான் தேதிக்குள்ள போய்ச் சேரும்.” “என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டேன். ஆட்டோ அப்போது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. “கிழிக்கத்தான் போறேன். கண் டெஸ்டு முடியட்டும், வீட்டுக்குப் போய் ஒழுங்கா கிழிக்கேன். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, ஆனா எங்க வீட்டு ரத்தம் கவனம் இல்லாத ரத்தம் வல்லி. அந்த மனுஷன் தான் செத்ததும் இல்லாம இருபது வயசுப் பையன் ஒருத்தன நொண்டியாக்கிட்டுப் போனாரே, போதாதா?” சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பையன் என் கணவர் சபாநாயகம். அந்த மனுஷன் அவளுடைய கணவர் ஞானமுத்து, விமானப் பயிற்சிப் பள்ளியில் பறக்கக் கற்றுக்கொடுத்தவர். ஐம்பத்தைந்தாம் வருஷம், தை மாதம், மஞ்சள் வர்ணம் அடித்த இரண்டடுக்கு இறக்கை விமானம் ஒன்று ஏரிக்கரையில் விழுந்தது. முன் இருக்கையில் ஆசிரியர், பின் இருக்கையில் மாணவன். முன்னால் இருந்தவர் அங்கேயே போய்விட்டார். பின்னால் இருந்தவர் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து பிழைத்தார், பிழைத்து, பள்ளியை விட்டு, பௌதிகம் படித்து, வாத்தியாராகி, நான்கு வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார், வாசல் படியேறும்போது அந்தக் காலை முதலில் வைக்காமல் சற்று யோசித்தார். அந்த யோசனைதான் எனக்குப் பிடித்திருந்தது. கல்லூரியில் கவிதை படித்துக் கெட்டுப்போன பெண், படியில் தயங்குகிற ஒருவனைப் பார்த்ததும் அதில் ஒரு பெரிய துக்கத்தைக் கண்டுகொண்டேன். துக்கம் இருந்தது, நான் நினைத்த துக்கம் இல்லை.

கல்யாணமாகி முதல் தை. கதவைத் திறந்தால் வெள்ளைப் புடவையில் ஒல்லியாக ஒரு பெண், பக்கத்தில் அஞ்சு வயசுக் குழந்தை, ஒரு கையில் பிஸ்கட் டின், ஒரு கையில் துணி சுற்றிய பாட்டில். “நான் ஞானமுத்து சாரோட வீட்டுக்காரி. தம்பி கால் எப்படி இருக்கு?” டின்னில் முந்திரிக்கொத்துப் பலகாரம், பாட்டிலில் நாகர்கோவில் வைத்தியர் காய்ச்சிய எண்ணெய். இவர் உள்ளேயிருந்து வந்து, அவளைப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தையிலும் விமானம் விழுந்த அந்த நாளில் வருவாள். நாள் தவறியதே இல்லை, கணக்கு டீச்சர். டின்னும் பாட்டிலும் அதே டின், அதே பாட்டில், அடுத்த வருஷம் காலியாகத் திருப்பித் தரவேண்டும், கழுவித் தரவில்லை என்றால் திட்டுவாள். என் கல்யாணப் பத்திரிகையை எங்கிருந்தோ எடுத்துப் பார்த்து அதில் நான்கு தப்புக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் தந்தாள். எனக்கு இந்த ஊரில் யாரும் இல்லை. அவள்தான் அப்புறம் நூலகத்துக்குக் கூட்டிப்போனாள், கடற்கரைக்குக் கூட்டிப்போனாள், பிரசவத்துக்கு என் தலைமாட்டில் உட்கார்ந்து பெருக்கல் வாய்ப்பாடு சொன்னாள், வலி தெரியாதாம். பதினேழாம் வாய்ப்பாட்டில் பெரியவள் பிறந்தாள். இந்த எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மன்னிப்பு ஓடிக்கொண்டே இருந்தது, அவள் எங்களிடம் கேட்கிற மன்னிப்பு. வாயால் ஒருதரம்தான் சொன்னாள், “எங்க வீட்டுக்காரர் பண்ணுனதுக்கு நான் என்னத்த செஞ்சு தீக்க.” விசாரணையில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். விமானம் ஆசிரியர் கையில் இருந்தது, ஆசிரியர் கவனம் தவறினார். ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவளிடம் அதைச் சொல்லிவிட்டுப் போனார்.

“கசக்குதா உனக்கு?” என்கிறாள் அக்கா. “கசக்குது.” “வேப்பெண்ணெய் விட்டுட்டாளோ என்னமோ.” மின்விசிறி டிக். கையில், கையில் என்று அது சொல்வதுபோல் இருக்கிறது, நான்தான் அப்படிக் கேட்கிறேன். எங்கள் வீட்டில் எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் வாயால் சொல்ல வேண்டும். கொதிக்கிற காபித் தம்ளரோ, வீட்டுச் சாவியோ, தூங்குகிற குழந்தையோ, கொடுப்பவர் “உன் கையில” என்று சொல்ல வேண்டும், வாங்குபவர் “என் கையில” என்று சொன்ன பிறகுதான் விடலாம். அது பறக்கிறவர்களின் வழக்கம் என்று இவர் சொல்லியிருந்தார். பயிற்சி விமானத்தில் இரண்டு இருக்கை, இரண்டு இருக்கைக்கும் ஓட்டுவதற்குத் தனித்தனிக் கோல், ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும், ஆகவே யார் ஓட்டுகிறார் என்பது எப்போதும் வாயால் சொல்லித்தான் தெரியவேண்டும். பேசுவதற்கு ரப்பர் குழாய், முன்னாலிருந்து பின்னால் காதுக்கும் பின்னாலிருந்து முன்னால் காதுக்கும். இங்கிலீஷில் சொல்லவேண்டும் என்பது விதி, ஆனால் ஞானமுத்து சாரும் இவரும் மட்டும் மேலே இருக்கும்போது தமிழில் சொல்லிக்கொள்வார்களாம். “உன் கையிலடா.” “என் கையில சார்.” எனக்கு அந்த இரண்டு வார்த்தையும் அவ்வளவு பிடித்திருந்தது. மாலை மாற்றும்போது சொன்ன மந்திரம் எதுவும் ஞாபகமில்லை, இதுதான் எங்கள் மந்திரம் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கூட வைத்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் கேலி செய்வாள், “என்னம்மா, உங்க வீட்ல பால் சொம்பை ஏலம் விடறீங்களா?”

அறுபத்து நான்காம் வருஷம். ஞாயிற்றுக்கிழமை காலை. சின்னவளுக்கு எட்டு மாதம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, துண்டில் சுற்றி, இவரிடம் நீட்டினேன். இவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “உங்க கையில” என்றேன். “என் கையில” என்றார். விட்டேன். சொன்ன வாய் அங்கே இருந்தது, கை அங்கே இல்லை, கை பேப்பரில் இருந்தது. குழந்தை அவர் மடியில் பட்டு வழுக்கிக் கோரைப் பாயில் விழுந்தது. பெரிய அடி ஒன்றுமில்லை, நெற்றியில் ஒரு நெல்லிக்காய் வீக்கம், ஐந்து நிமிஷ அழுகை. அவருக்குத்தான் நிற்கவில்லை. பாயில் உட்கார்ந்து, அந்தக் காலை நீட்டிக்கொண்டு, “அன்னைக்கும் இப்படித்தான் வல்லி. என் கையிலன்னு சொன்னேன். பிடிக்கல” என்றார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அவர் பாயைப் பார்த்தே சொன்னார், அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன். நல்ல குளிர்காலக் காலை, வெயில் இளசு. சார் “உன் கையில” என்றார், நான் “என் கையில சார்” என்றேன். கீழே ஏரி. ஏரி முழுக்க வெள்ளை. சார் வலது கையை வெளியே நீட்டிக் காட்டினார், “கூழைக்கடாடா, எங்க ஊர்க் குளத்துக்கு வர்ற மாதிரியே வந்திருக்கு பார்.” நான் பார்த்தேன். அவர் காட்டுகிறார் என்றால் மறு கையில் பிடித்திருப்பார் என்று நினைத்தேனோ, நினைக்கவே இல்லையோ, கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியில் புகை படிந்திருந்தது, துடைக்கக் கோலிலிருந்து கையை எடுத்தேன். விமானத்தின் மூக்கு கொஞ்சம் கீழே போயிற்று. சார் பறவையைக் கிட்டத்தில் காட்டப்போகிறார் என்று நான் இருந்தேன். பையன் ஆசைப்பட்டுக் கீழே போகிறான், போகட்டும் என்று அவர் இருந்திருப்பார். இறக்கைக்கு நடுவில் இருக்கிற கம்பிகள் பாட ஆரம்பித்தன, வேகம் கூடினால் பாடும். கேட்டிருக்கலாம், சார் யார் ஓட்டறதுன்னு. வாத்தியாரிடம் அப்படிக் கேட்பதா என்று பேசாமல் இருந்தேன். பறவை எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பிற்று. அப்போது குழாயில் சார் குரல், “டேய், யார் கையிலடா?” அவ்வளவுதான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று அதிகாரிகள் கட்டிலைச் சுற்றி நின்று அதே கேள்வியைத்தான் கேட்டார்கள், கடைசியில் யார் கையில் இருந்தது என்று. ஆசிரியர் கையில் என்று சொன்னேன். காலில் மாவுக்கட்டு, வயசு இருபது, பயமாக இருந்தது. செத்தவருக்கு இனிமேல் என்ன என்று நினைத்தேன். அவருக்கு வீட்டில் ஒரு குழந்தை இருப்பது அப்போது எனக்கு ஞாபகமே வரவில்லை.

செருப்புச் சத்தம். தலையைச் சாய்க்கச் சொல்கிறாள். இரண்டாவது சொட்டு. சுடுகிறது, கன்னத்தில் வழிகிறது, அவளே பஞ்சால் துடைக்கிறாள். “அழாதீங்க பாட்டி, மருந்து கரைஞ்சிடும்.” அழுகிறேனா. இல்லை, மருந்துதான். அவர் சொன்ன அன்று நான் அழவில்லை. என்ன செய்தேன் என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது, குழந்தைக்கு வசம்பு உரைத்தேன். அடுத்த தையில் அக்கா வருவதற்கு முன்னால் அவரே போய்ச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அக்கா வந்தாள், டின்னை வைத்தாள், வழக்கம்போல அந்தக் கேள்வியையும் கேட்டாள். வருஷா வருஷம் கேட்பாள், ஒவ்வொரு தரமும் புதிதாக எதுவோ கிடைக்கும் என்பதுபோல. “தம்பி, கடைசியா அவர் ஏதும் சொன்னாரா?” “இல்லக்கா, எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.” நான் காபி எடுத்து வந்தேன். நீட்டினேன். அன்றைக்கு மட்டும் நாங்கள் யாரும் எதுவும் வாயால் சொல்லவில்லை. அப்புறம் எது எப்படிப் பழகிப்போகும் என்பதற்கு ஒரு அளவே இல்லை. அவருடைய பயம் எனக்குப் புரிந்தது, என்னுடையதுதான் எனக்கு இன்றுவரை சரியாகப் புரியவில்லை. சொன்னால் அவள் வரமாட்டாள். டின் வராது. கடற்கரைக்குப் போக ஆள் இருக்காது. ஒரு மனுஷி எங்களுக்குக் கடன்பட்டவளாகவே இருப்பதில் ஒரு சுகம்கூட இருந்ததோ, என் நோவுக்கெல்லாம் ஓடிவருகிறாளே. இதை யோசித்தால் நெஞ்சில் முள் ஏறுகிறது, ஆகவே பாதியில் விட்டுவிட்டு வேறெங்காவது போய்விடுவேன், மறுபடி இங்கேயே வந்து நிற்பேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இவர் போனபோது, மூச்சு வாங்கிக்கொண்டு, “அக்காகிட்ட” என்றார். மேலே சொல்லவில்லை. அக்கா அப்போது தலைமாட்டில் நின்று அந்தக் காலைத்தான் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஹெப்சியைச் சின்ன வயசிலிருந்து தெரியும். ஏழு வயசில் எங்கள் மொட்டை மாடிச் சுவர்மேல் ஏறி நின்று, கைகளை விரித்து, “பாட்டி, காத்து என்னைத் தூக்குது” என்றவள். இறக்கி விட்டது நான்தான். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. அந்தப் பெண் இன்றைக்குக் கிழித்துப் போடப்படுவாள், கேட்கவும் மாட்டாள், சொன்ன சொல் காப்பவள், பாட்டியைப்போல. இருபத்திரண்டு வயசு. பாங்கில் உட்கார்ந்து ரப்பர் முத்திரை குத்துவாள். அவளுடைய தாத்தா கவனமில்லாதவர் என்பதற்காக. விமானம் அவர் கையில் இல்லை என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நான், இந்தப் பெஞ்சில், கண்ணை மூடிக்கொண்டு. இப்போது சொல்லவில்லை என்றால் இதைச் செய்தது இவர் இல்லை, நான். “அக்கா, அந்த உறையைக் கிழிக்காதீங்க” என்று ஒரு குரல் சொல்கிறது. என் குரல்தான். “ஏன், உனக்கு என்ன வந்துச்சு? நீயும் ஏறிப் பறக்கப் போறியா?” “சார் கையில இல்ல அக்கா.” “எது?” “விமானம். இவர் கையிலதான் இருந்தது.”

சொல்லத் தொடங்கினால் இவ்வளவு சின்னதா. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. கண் மூடியிருந்தது நல்லதாயிற்று, அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்கு. ஏரியைச் சொன்னேன், நீட்டின கையைச் சொன்னேன், கண்ணாடி துடைத்ததை, கம்பி பாடியதை, கடைசியாக அந்தக் குரலை. கட்டிலைச் சுற்றி நின்ற மூன்று பேரிடம் இவர் சொன்ன பொய்யைச் சொன்னேன். எனக்கு எப்போது தெரியும் என்பதையும் சொன்னேன், அதை விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, விடவில்லை. வேர்க்கடலை உடைவது நின்றிருந்தது. அந்த மனிதரும் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.  அக்கா பையின் கொக்கி திறந்து மூடி, திறந்து மூடி. “என்ன பறவைன்ன?” என்றாள். “கூழைக்கடா.” “எத்தன இருந்துச்சாம்?” “எண்ணலையாம் அக்கா. ஏரியே வெள்ளையா இருந்ததாம்.” “எங்க ஊர்க் குளம் மாதிரின்னாரா?” “அப்படித்தான் சொன்னாராம்.” அவள் மூச்சு உள்ளே போய் உடனே வெளியே வரவில்லை. “அந்தக் குளத்தங்கரையில வச்சித்தான் என்ன முதல்ல பாத்தாரு” என்றாள், என்னிடம் இல்லை, யாரிடமோ. நான் கையைத் தேடினேன், பெஞ்சில், அவள் கையை. அது விலகிற்று. “வல்லி.” “அக்கா.” “நான் கொண்டு வந்த எண்ணெய அவன் காலுக்குத் தேய்ச்சியா?” நாற்பது வருஷத்தில் முதல்தரம் இவரை அவன் என்றாள். “தேய்ச்சேன்.” “தெரிஞ்ச பெறவும்?” “தெரிஞ்ச பெறவும்.” “ம்” என்றாள், பரீட்சைத் தாளில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிவிட்டவள்போல.

பெஞ்சு லேசாயிற்று. எழுந்துவிட்டாள். நான் கண்ணைத் திறந்தேன், திறந்தால் எதற்கும் ஓரம் இல்லை, சுவர் மனிதர்களுக்குள் ஒழுகியது, வாசல் ஒரு பெரிய வெள்ளைத் தீயாக நின்றது. அதை நோக்கி ஒரு வெள்ளைப் புடவை சுவரைத் தடவிக்கொண்டு போயிற்று. வாசலில் காக்கிநிறம் ஒன்று, வாட்ச்மேன் போலிருக்கிறது. “இந்தாப்பா, தபால் பெட்டி எங்க இருக்கு?” “ரோட்டுக்கு அந்தப் பக்கம்மா. மருந்து விட்டிருக்காங்களே, இந்த வெயில்ல கண்ணு தாங்காது, குடுங்க நான் போட்டுடறேன்.” “வேண்டாம், நான்தான் போடணும். நீ விலாசத்த மட்டும் சத்தமா வாசி. பின்கோடு ஆறு நம்பரும் வாசி.” அவர் வாசித்தார். “சரி, ரோடு தாண்ட மட்டும் கையப் பிடி.” நான் எழுந்து நான்கு அடி போயிருப்பேன். திரும்பாமலே, “நீ வராத” என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில், வகுப்பில் ஒரு பிள்ளையை உட்காரச் சொல்வதுபோல இருந்தது. நின்றேன். இரண்டு நிறங்களும் வெள்ளைக்குள் போய்க் கரைந்தன. ஹார்ன் சத்தம், ஒரு பஸ்ஸின் பெருமூச்சு, யாரோ யாரையோ திட்டுவது. திரும்பி வந்து, தடவி, என் இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து இடம் இன்னும் சூடாக இருந்தது.

“மூணாவது சொட்டு” என்றாள் நர்ஸ் பெண். “பக்கத்துல இருந்த அம்மா எங்க?” “தபால் போடப் போயிருக்காங்க.” “இந்தக் கண்ணோடயா? நீங்க கூடப் போகக்கூடாதா?” “வரவேண்டாம்னுட்டாங்க.” அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். “சரி, நீங்க சாய்ங்க பாட்டி, கண்ண மூடிக்கணும் இனிமே.” “இரும்மா, கொஞ்சம் இரு” என்றேன். வாசலில் அவ்வளவு வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் வடிவங்கள் வருவதும் போவதுமாக இருந்தன, வெள்ளையாக ஒன்று வந்தது, அது ஒரு வேட்டி, இன்னொன்று வந்தது, கிட்டத்தில் வந்ததும் வேறு யாரோ. கண் எரிந்தது. மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.